பழைய கார்களை அடையாளம் காண: சின்னத்தைக் கடைசியில் பாருங்கள்

பழைய கார் ஒன்றின் படம் கைக்கு வந்ததும், இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தேடுவது பானெட்டில் இருக்கும் கம்பெனிச் சின்னத்தை. அது தெரியவில்லை என்றால் முகத்தில் காற்று போகும் கம்பித் தட்டியை, அதாவது கிரில்லைப் பார்ப்பார்கள். அதுவும் பிடிபடவில்லை என்றால் "ஏதோ வெளிநாட்டு வண்டி" என்று விட்டுவிடுவார்கள். இந்த வரிசை அப்படியே தலைகீழ். சின்னம் கழன்று விழும், வேறொன்றை ஒட்டிவிடலாம். விபத்தில் உடைந்த கிரில்லுக்குப் பதிலாகக் கிடைத்ததை மாட்டியிருப்பார்கள். பெயிண்ட், வீல் கேப் எல்லாம் உரிமையாளர் மாறும்போதெல்லாம் மாறும். அவை சட்டை மாதிரி. எலும்பு வேறு இடத்தில் இருக்கிறது: கண்ணாடிகளின் வடிவம், கதவு எங்கே வெட்டப்பட்டிருக்கிறது, எந்தப் பக்கம் கீல், கூரை எப்படி இறங்குகிறது, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் எவ்வளவு தூரம். இவற்றை மாற்ற வேண்டுமானால் காரையே புதிதாகச் செய்வதற்கு இணையான வேலை. அதனால் யாரும் மாற்ற மாட்டார்கள்.

மாற்றக் கடினமானதை முதலில் பார்ப்பது, எளிதில் மாறுவதைக் கடைசியில் பார்ப்பது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரே பழக்கத்தின் விரிவுதான்.

முதலில் படத்தைச் சரிபாருங்கள்

பழைய நெகடிவ்களைச் சில நேரம் மறுபக்கமாகப் புரட்டி வைத்துப் பிரதி எடுத்திருப்பார்கள். இடதும் வலதும் மாறியிருக்கும். நம்பர் பிளேட்டோ கடைப் பலகையோ கண்ணாடியில் பார்த்த எழுத்துப் போலத் தெரிந்தால், படத்தைத் திருப்பிவிட்டுத்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்ற முக்கியமான தடயமே உங்களைத் தவறான நாட்டுக்குக் கூட்டிப்போய்விடும்.

வெட்டாத முழுப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். காரை மட்டும் வெட்டி எடுத்து அனுப்புவது பலரின் வழக்கம். ஆனால் ஓரத்தில் பாதி தெரிகிற இன்னொரு கார்தான் பல நேரம் பதிலைத் தரும். ஒரு தெருவின் படத்தில் பத்துக் கார்கள் இருந்தால், அவற்றில் எது புதியதோ அதன் வருடத்துக்கு முன்னால் அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்க முடியாது. சாலையும் பேசும். சுவீடனில் 1967 செப்டம்பர் 3 அன்று ஒரே நாளில் எல்லோரையும் சாலையின் வலது பக்கத்துக்கு மாற்றினார்கள். ஸ்டாக்ஹோம் தெருவில் வண்டிகள் இடப்பக்கமாகப் போனால் படம் அதற்கு முந்தையது, சந்தேகமே வேண்டாம்.

இந்த "இதற்கு முன்னால் இருக்க முடியாது", "இதற்குப் பின்னால் இருக்க முடியாது" என்ற இரண்டு வேலிகளையும் ஆரம்பத்திலிருந்தே நடுங்கள். பெயரைத் தேட அவசரம் வேண்டாம். இரண்டு வேலிகளும் நெருங்கி வந்தால் பெயர் தானாக மாட்டும்.

கண்ணாடியிலிருந்து தொடங்குங்கள்

பெரிய கண்ணாடியை வளைத்துத் தயாரிப்பது ஒரு காலத்தில் கடினம், செலவும் அதிகம். அதனால் 1940களின் கார்கள் பலவற்றில் முன் கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டுகளாக, நடுவில் ஒரு கம்பியோடு இருக்கும். மோரிஸ் மைனர் 1948இல் அப்படித்தான் வந்தது. 1956இல் மைனர் 1000 வந்தபோதுதான் ஒரே கண்ணாடி ஆனது. வேறு எதுவுமே தெரியாவிட்டாலும் இந்த ஒரு கம்பியை வைத்து மைனரை இரண்டாகப் பிரித்துவிடலாம்.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் போனது. 1953 காடிலாக் எல்டொராடோவில் முன் கண்ணாடி இரண்டு பக்கமும் சுற்றி வளைந்து கதவு வரை வந்தது. இரண்டே வருடத்தில் அது அங்கே பொது வழக்கமானது. 1960களின் தொடக்கத்தில் மெல்ல மறைந்தும் போனது. ஏறி இறங்கும்போது முழங்காலை இடிக்கிற மூலை அது. அழகுக்காகப் பொறுத்துக்கொண்டார்கள்.

பயிற்சிக்கு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை விடச் சிறந்த வண்டி கிடையாது. உலகத்தில் 2 கோடிக்கும் மேல் ஓடிய கார் அது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். பின்பக்கம் போய் நில்லுங்கள். பின் கண்ணாடி நடுவில் பிளந்து இரண்டாக இருந்தால் அது 1953 மார்ச்சுக்கு முந்தையது. முட்டை வடிவத்தில் ஒரே கண்ணாடி என்றால் அப்போதிலிருந்து 1957 வரை. அதற்குப் பிறகு பெரிய செவ்வகக் கண்ணாடி. இனி முன்னால் வாருங்கள். ஹெட்லைட் மட்கார்டோடு சேர்ந்து பின்னால் சாய்ந்து, மேலே கண்ணாடி மூடியோடு இருந்தால் பெரும்பாலும் 1967க்கு முந்தையது. நிமிர்ந்து செங்குத்தாக நின்றால் பிந்தையது. மெக்ஸிகோவில் 2003 வரை தயாரித்தார்கள் என்பதால், "பீட்டில் என்றாலே பழசு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சில கண்ணாடிகள் ஒரு பார்வையிலேயே வட்டத்தைச் சுருக்கிவிடும். பின் கண்ணாடி வழக்கத்துக்கு எதிராக, மேல்பக்கம் பின்னோக்கித் தள்ளி, அடிப்பக்கம் உள்வாங்கி நிற்கிறதா? சிறிய ஐரோப்பிய வண்டி என்றால் 1959இல் வந்த ஃபோர்டு ஆங்கிலியா அல்லது 1961இல் வந்த சிட்ரோன் அமி 6 என்று முதலில் நினைத்துக்கொள்ளலாம். கதவுகளை எண்ணுங்கள். இரண்டு என்றால் ஆங்கிலியா, நான்கு என்றால் அமி. ஹெட்லைட் வட்டமா செவ்வகமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் விற்ற அமிக்குச் செவ்வக விளக்கு.

விளக்கும் பம்பரும்: சட்டம் போட்ட கையெழுத்து

டிசைனர் தன் இஷ்டத்துக்கு வரைந்தாலும், விளக்கும் பம்பரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. சட்டத்துக்குத் தேதி உண்டு. அதனால்தான் காலத்தைக் கணிப்பதில் இந்தப் பகுதிக்கு ஈடு இல்லை.

அமெரிக்காவில் 1940 மாடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் ஒரே அளவு, 7 அங்குல வட்ட ஹெட்லைட் இரண்டு. 1957-58 வாக்கில் நான்கு சிறிய வட்ட விளக்குகள் அனுமதிக்கப்பட்டு, அடுத்த வருடமே ஏறக்குறைய எல்லாக் கம்பெனியும் அதற்குத் தாவியது. செவ்வக ஹெட்லைட் 1975 மாடலில்தான் வந்தது. காரின் உடம்போடு இழைந்து போகும் வடிவத்தில் விளக்கு வைக்க 1983இல்தான் அனுமதி கிடைத்தது. 1984 லிங்கன் மார்க் 7 அதில் முதலாவது. ஆகவே ஓர் அமெரிக்க செடானில் நான்கு வட்ட விளக்குகள் என்றால் 1957க்கு முன்னால் போக வேண்டியதே இல்லை.

ஐரோப்பிய வண்டிகளிலும் இது உதவும். 1967இல் சிட்ரோன் டிஎஸ்ஸின் முகம் மாறியபோது, ஹெட்லைட்டுகள் கண்ணாடிக்குப் பின்னால் போயின. உள்பக்க விளக்கு ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பியது. அமெரிக்காவுக்குப் போன அதே காரில் கண்ணாடி மூடியும் இல்லை, திரும்பும் வசதியும் இல்லை. சட்டம் விடவில்லை. ஜாகுவார் இ-டைப்பிலும் இதே கதை. 1961இல் கண்ணாடி மூடிய ஹெட்லைட்டோடு வந்து எல்லோரையும் மயக்கியது. 1967இல் மூடி போனது. 1968இல் வந்த இரண்டாம் வரிசையில் பின்விளக்குகள் பெரிதாகி பம்பருக்குக் கீழே இறங்கின. 1971இல் மூன்றாம் வரிசைக்கு வி12 என்ஜின், அதுவரை திறந்திருந்த வாய்க்குக் குறுக்கே ஒரு கிரில். அழகு வருடா வருடம் குறைந்துகொண்டே போன கார் என்பேன். மூன்றாம் வரிசை ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

அப்புறம் பம்பர். அமெரிக்காவில் மணிக்கு 5 மைல் வேக மோதலைத் தாங்கும் பம்பர் 1973 மாடலில் முன்பக்கத்துக்கும் 1974இல் பின்பக்கத்துக்கும் கட்டாயமானது. நளினமான காருக்கு முன்னால் தண்டவாளம் போல ஒரு பம்பர் துருத்திக்கொண்டிருந்தால் அந்தக் காலகட்டம்தான். 1962இலிருந்து குரோம் பம்பரோடு வந்த எம்ஜிபி, 1974 கடைசியில் கறுப்பு ரப்பர் மூக்கும் கொஞ்சம் தூக்கிய உயரமுமாக மாறிப்போனது. முன் மட்கார்டிலும் பின் மட்கார்டிலும் பக்கவாட்டில் சிறு விளக்கோ ரிஃப்ளெக்டரோ இருந்தால் 1968 அல்லது அதற்குப் பிந்தைய அமெரிக்க வண்டி. பின் கண்ணாடி அருகே நடுவில் மூன்றாவது பிரேக் லைட் இருந்தால் 1986 மாடலைத் தாண்டியது. அதையும் பின்னால் வாங்கி ஒட்டியிருக்கலாம் என்பதால் பாதி நம்புங்கள். ஹெட்லைட் மஞ்சள் நிறத்தில் எரிந்தால் பிரான்ஸை நினையுங்கள். 1993 வரை அங்கே அதுதான் விதி.

இண்டிகேட்டர் விளக்கே இல்லாமல், கதவுத் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளுகிற வண்டி என்றால் பெரும்பாலும் 1950களோ அதற்கு முன்போ வந்த ஐரோப்பியக் கார். கை மடங்கியிருந்தாலும் தூணில் அதற்கான பிளவு தெரியும்.

மூன்று ஹெட்லைட் என்றால் கொண்டாட்டம். முதலில் நினைவுக்கு வர வேண்டிய பெயர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. முதுகில் மீன் துடுப்பு போல ஒரு தகடு, பின்னால் என்ஜின், உருண்டு வழிந்த உடம்பு என்றால் செக்கோஸ்லோவாகியாவின் டாட்ரா 87. டாட்ராவின் பொறியாளர் ஹான்ஸ் லெட்விங்கா காலத்து வண்டி. நீளமான அமெரிக்க உடம்பு, நடு விளக்கு ஸ்டீயரிங்கோடு திரும்பும் என்றால் 1948இன் டக்கர். மாதிரி வண்டியையும் சேர்த்து 51 மட்டுமே செய்யப்பட்டன. அதனால் தெருவில் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். மூன்றாவது விளக்கு சிறியதாக கிரில்லின் நடுவிலேயே இருந்தால் 1949இல் வந்த ரோவர் 75.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது

முன் கதவின் கீல் பின்பக்கம் இருந்தால், ஓடும்போது கதவு திறந்துகொண்டால் காற்று அதைப் பிடுங்கி எறியும். 1960களின் நடுவில் சிறிய கார்களிலிருந்து இந்த அமைப்பு போனது. ஃபியட் 600இல் 1964இலும் ஃபியட் 500இல் 1965இலும் கீல் முன்பக்கம் வந்தது. சிட்ரோன் 2சிவியிலும் அதே சமயத்தில்தான். ஆகவே கதவுப் பிடி முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டி ஃபியட் என்றால் பெரும்பாலும் 1965க்கு முந்தையது என்று எழுதலாம். பின் கதவு மட்டும் எதிர்ப்பக்கம் திறக்கும் பெரிய அமெரிக்கக் கார் என்றால் 1961 முதல் 1969 வரையிலான லிங்கன் காண்டினென்டலை முதலில் சரிபாருங்கள்.

மேல்நோக்கித் திறக்கும் கதவுகளில் மூன்று பெயர்களைத் தெரிந்துவைத்தால் போதும். 1954இன் மெர்சிடீஸ் 300எஸ்எல்லில் அது ஆடம்பரத்துக்காக வைத்தது இல்லை. குழாய்களைப் பின்னிச் செய்த சட்டம் பக்கவாட்டில் உயரமாக வந்ததால் சாதாரணக் கதவு வைக்க இடமில்லை, கூரையைத்தான் திறக்க வேண்டியிருந்தது. 1974இல் கனடாவில் தயாரான பிரிக்லின் எஸ்வி-1 இரண்டாவது. பெயிண்டே அடிக்காத எவர்சில்வர் உடம்போடு 1981இல் பெல்ஃபாஸ்ட் பக்கம் தயாரான டிலோரியன் மூன்றாவது.

கதவு முகத்திலேயே இருந்தால் 1950களின் குட்டிக் கார்கள். பிஎம்டபிள்யூ இசெட்டாவும் ஹைன்கலும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கதவைத் திறந்த படம் கிடைத்தால் சிக்கல் தீர்ந்தது: இசெட்டாவில் ஸ்டீயரிங்கும் கதவோடு சேர்ந்து வெளியே வரும், ஹைன்கலில் வராது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு முகத்துக்கும் கதவு, இருக்கைகள் முதுகோடு முதுகு என்றால் சுண்டாப் யானுஸ். ஒருவருக்குப் பின் ஒருவர் உட்கார, மேலே விமானத்தின் கண்ணாடிக் கூண்டு போல மூடி என்றால் மெஸ்ஸர்ஷ்மிட் கேஆர்200. மூன்று சக்கர வண்டிகளில் ஒற்றைச் சக்கரம் முன்னாலா பின்னாலா என்று உடனே குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் என்றால் ரிலையன்ட் குடும்பத்தைத் தேடலாம். பின்னால் என்றால் மெஸ்ஸர்ஷ்மிட், ஹைன்கல், பழைய மார்கன் என்று பட்டியல் நீளும். ஒருவர் மட்டும் உட்காரும் அளவுக்குச் சின்னதாக இருந்தால் பீல் பி50 ஆக இருக்கலாம். ரிவர்ஸ் கியரே கிடையாது, பின்னால் ஒரு கைப்பிடி இருக்கும், இறங்கிப் பிடித்து இழுத்துத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

முகம் ஒன்று, பெயர் பல

காலம் பிடிபட்டதும் கம்பெனி எது என்ற கேள்வி வரும். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஒரே உடம்பு பல நாடுகளில் பல பெயர்களில் ஓடியிருக்கிறது. 1966இன் ஃபியட் 124, சோவியத்தில் லாடாவாக, ஸ்பெயினில் சீட் ஆக, துருக்கியில் முராட் ஆக மாறியது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை இந்தியாவில் அம்பாஸடராகி 2014 வரை தயாரானது. ஹில்மேன் ஹன்டர் ஈரானில் பேகன் ஆகி 2005 வரை வந்தது. ரெனோ 12 ருமேனியாவில் டாசியா 1300. உருவம் மட்டும் தெரிந்தால் குடும்பப் பெயரைச் சொல்லுங்கள். எந்த நாட்டுப் பிள்ளை என்பதை நம்பர் பிளேட், ஸ்டீயரிங் பக்கம், பின்னால் எழுதியிருக்கும் எழுத்து இவை வந்த பிறகு சொல்லலாம்.

ஒரே நாட்டுக்குள்ளும் இந்த விளையாட்டு உண்டு. பிரிட்டனில் 1962இல் வந்த பிஎம்சி 1100, ஆஸ்டின், மோரிஸ், எம்ஜி, ரைலி, உல்ஸ்லி, வேண்டன் பிளாஸ் என்று ஆறு பெயர்களில் விற்றது. கிரில்லும் உள் அலங்காரமும்தான் வித்தியாசம். அதனால் இங்கே மட்டும் நம் விதிக்கு விலக்கு, கிரில்லைப் பார்த்தே ஆக வேண்டும். உல்ஸ்லியைக் கண்டுபிடிக்க இரவுப் படம் இருந்தால் நல்லது. கிரில்லில் இருக்கும் அதன் சின்னத்துக்குள் விளக்கு எரியும்.

டிசைன் நிறுவனம் ஒன்றாக இருந்தால் கம்பெனிகள் வேறாக இருந்தும் முகம் ஒத்துப்போகும். 1959இன் ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், 1960இன் பெஷோ 404 இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் பின்னால் இத்தாலியின் பினின்ஃபரீனா. பின்பக்கத்துக் கூர்மையான துடுப்புகளே சொல்லிவிடும். முன் சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டின் கீழ்ப்பகுதியில் சின்னப் பட்டை ஏதாவது இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். பினின்ஃபரீனா, பெர்டோனே, கியா போன்றவர்கள் தங்கள் பெயரை அங்கே வைப்பது வழக்கம்.

கையால் சொற்ப எண்ணிக்கையில் செய்யப்பட்ட அபூர்வ வண்டிகளுக்கு வேறு வழி இருக்கிறது. சின்னக் கம்பெனிகளால் விளக்குக்கும் கதவுப் பிடிக்கும் தனி அச்சு செய்ய முடியாது. பெரிய கம்பெனியின் சாமானை வாங்கி மாட்டுவார்கள். லாம்போர்கினி மியூராவின் ஹெட்லைட் ஃபியட் 850 ஸ்பைடருடையது. லோட்டஸ் எஸ்ப்ரியின் கதவுப் பிடி மோரிஸ் மரீனாவிலிருந்து வந்தது, அதே பிடி ரேஞ்ச் ரோவரிலும் இருக்கும். உடம்பு யாருடையது என்றே தெரியாத ஸ்போர்ட்ஸ் காரில் பின்விளக்கு எந்தச் சாதாரணக் காருடையது என்று கண்டுபிடித்துவிட்டால், நாடும் ஏறக்குறைய வருடமும் கிடைத்துவிடும். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். சாதாரணக் கார்களை ஊன்றிப் பார்த்தவர்தான் அபூர்வக் கார்களைக் கண்டுபிடிப்பார்.

பழசு போல இருக்கும் புதுசு

1950களின் வண்டி போலத் தெரிகிற வெளிர்ப் பச்சைக் கார், வெள்ளைக் கூரை, வட்டக் கண்கள். நிஸான் ஃபிகாரோ, 1991. உள்ளே இருப்பது அதே கம்பெனியின் சின்னக் கார் மைக்ராவின் என்ஜின். ஜாகுவார் மார்க் 2 போலவே இருந்து, ஆனால் யாரோ அமுக்கிச் சுருக்கியது மாதிரித் தெரிந்தால் அது ஜப்பானின் மிட்சுவோக்கா வியூட். அதற்கு அடியிலும் மைக்ராதான். 1920களின் மெர்சிடீஸ் போல வெளியே பாம்பு பாம்பாகக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருப்பது 1960களில் தொடங்கிய எக்ஸ்காலிபராக இருக்கலாம். மார்கன் 4/4 இதற்கு நேரெதிர். 1936இல் தொடங்கியதைப் பெரிதாக மாற்றாமலே பல பத்தாண்டுகள் செய்துகொண்டிருந்தார்கள். அதில் வருடம் சொல்ல உருவம் உதவாது, விளக்கையும் டயரையும் டேஷ்போர்டையும் பார்க்க வேண்டும்.

நகல்கள் தனிக் கூட்டம். ஏசி கோப்ரா என்று நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி நகல் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் நகல்கள் பல பீட்டில் சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் ஃபைபர் உடம்பு வைத்துச் செய்தவை. பீட்டிலின் சக்கர இடைவெளி 2,400 மில்லிமீட்டர், 356இல் 2,100. நல்ல நகல்காரர்கள் சேஸிஸை வெட்டிச் சுருக்குவார்கள், சோம்பேறிகள் அப்படியே விட்டுவிடுவார்கள், கதவுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இடம் அதிகமாகத் தெரியும்.

இதைப் படத்திலேயே அளக்கலாம். நேர் பக்கவாட்டுப் படம் ஒன்று வேண்டும். டயரின் விட்டத்தை ஒரு அளவுகோலாக எடுத்துக்கொண்டு, இரண்டு சக்கர நடுப்புள்ளிகளுக்கு இடையில் அது எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். பீட்டிலின் டயர் சுமார் 65 சென்டிமீட்டர். 2,400ஐ 650ஆல் வகுத்தால் 3.7 வரும். உங்கள் படத்தில் 3.2 வந்தால் அது பீட்டில் நீளத்துச் சேஸிஸ் இல்லை. கோணலாக எடுத்த படத்தில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். ரெனோ 4இல் போட்டால் இன்னொரு வேடிக்கை நடக்கும்: அதன் சஸ்பென்ஷன் அமைப்பினால் வலப்பக்கச் சக்கர இடைவெளி இடப்பக்கத்தைவிடச் சுமார் 5 சென்டிமீட்டர் அதிகம். கணக்கு தப்பவில்லை, கார்தான் அப்படி.

படமே இல்லை, ஞாபகம் மட்டும்

"சின்ன வயதில் தாத்தா வைத்திருந்த கார் எது என்று தெரிய வேண்டும்" என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். இங்கேயும் அதே விதி. எளிதில் மாறுவதை ஞாபகமும் எளிதில் மாற்றிவிடும். நிறத்தை நம்பாதீர்கள். வருடத்தையும் நம்பாதீர்கள், வாங்கிய வருடமும் தயாரான வருடமும் ஒன்றாகிப் போயிருக்கும். கம்பெனிப் பெயரைக்கூடப் பாதிதான் நம்பலாம். உடம்பு நினைவில் வைத்திருப்பதைக் கேளுங்கள். கை எங்கே போனது, கால் எங்கே மிதித்தது, எந்தப் பக்கம் இறங்கினார்கள்.

என் கேள்வி வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும். கியர் தரையில் இருந்ததா, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருந்ததா, அல்லது டேஷ்போர்டிலிருந்து நேராக வெளியே வந்து இழுத்துத் தள்ளும் கம்பியா? கடைசி வகை என்றால் 2சிவி, ரெனோ 4 பக்கம் போகலாம். முன் இருக்கை நீளமான ஒரே பெஞ்சா? சாவி எங்கே போட்டார்? இரண்டு இருக்கைக்கு நடுவில், கியருக்குப் பக்கத்தில் என்றால் சாப். சாமான் முன்னால் வைத்தார்களா பின்னாலா? முன்னால் என்றால் என்ஜின் பெரும்பாலும் பின்னால். ஸ்டார்ட் செய்ததும் வண்டி தானாக மேலே எழும்பியதா? அப்படியென்றால் ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் வைத்த சிட்ரோன். ஸ்டீயரிங்குக்கு ஒற்றைக் கம்பிதான் இருந்தது என்றும் சொல்லிவிட்டால் டிஎஸ் பக்கம் தேடுங்கள். பின்னால் நீலப் புகை, படபடவென்ற சத்தம், பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றினார்கள் என்றால் டூ ஸ்ட்ரோக்: டிகேடபிள்யூ, டிராபான்ட், வார்ட்பர்க், ஆரம்பகாலச் சாப். ஹெட்லைட்டை டிம் செய்யும் பொத்தான் காலடியில் இருந்ததா? இப்படி நான்கைந்து பதில் கிடைத்தால் போதும்.

பெயரை மட்டும் நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். "அது ஃபியட்டா?" என்று கேட்டால் "ஆமாம், ஃபியட்தான்" என்று பதில் வரும், அன்றிலிருந்து அவர் ஞாபகத்திலும் ஃபியட்டாகவே நின்றுவிடும். ஊகித்த இரண்டு மூன்று கார்களின் உள்பக்கப் படங்களைப் பெயர் சொல்லாமல் காட்டுங்கள். டேஷ்போர்டைப் பார்த்ததும் "இதேதான்" என்று வருகிற குரலை நம்பலாம்.

நேரில் பார்க்கக் கிடைத்தால்

உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள், கதவை நீங்களாகத் திறக்க வேண்டாம். பானெட்டுக்குள்ளோ கதவுச் சட்டத்திலோ தகடு ஒன்று இருக்கும். 17 எழுத்து கொண்ட எண் என்றால் பெரும்பாலும் 1981 அல்லது அதற்குப் பிந்தையது, அந்த வருட மாடலிலிருந்துதான் அமெரிக்காவில் அது கட்டாயமானது. அதில் ஐ, ஓ, க்யூ என்ற எழுத்துகள் வராது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால். முதல் எழுத்து ஜே என்றால் ஜப்பான், டபிள்யூ என்றால் ஜெர்மனி, இசட் என்றால் இத்தாலி. அதற்கு முந்தைய வண்டிகளில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை. கண்ணாடி மூலையில் இருக்கும் முத்திரையையும் படம் எடுங்கள். சில கண்ணாடிக் கம்பெனிகள் தயாரித்த வருடத்தைச் சின்னப் புள்ளிகளாக அதில் குறித்தன. நான்கு கண்ணாடியில் ஒன்று மட்டும் வேறு தேதி காட்டினால், அது எப்போதோ உடைந்து மாற்றியது. சேஸிஸ் எண்ணைப் பொதுவில் போடாதீர்கள். திருட்டு வண்டிக்கு அதை ஒட்டிக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள்.

பதிலை எழுதும்போது

"1955 மாடல்" என்று ஒற்றை வருடத்தை அடித்துச் சொல்வதைவிட, "1953 மார்ச்சிலிருந்து 1957 வரை, காரணம் முட்டை வடிவக் கண்ணாடி" என்று எழுதுங்கள். காரணத்தைச் சேர்த்தால் உங்களுக்குப் பின்னால் வருகிறவர் அதைச் சரிபார்க்கலாம், இன்னும் சுருக்கலாம். மாடல் வருடமும் காலண்டர் வருடமும் வேறு என்பதையும் மறக்க வேண்டாம். அமெரிக்கக் கார்கள் வழக்கமாக முந்தைய வருட இலையுதிர் காலத்திலேயே அடுத்த வருடப் பெயரில் வந்துவிடும். ஃபோர்டு மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகமானது, ஆனால் காகிதத்தில் அது 1965 மாடல்.

பழக எங்கே தொடங்குவது என்றால், 1955, 56, 57 செவர்லே மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு அடிப்படையில் ஒன்று, அலங்காரம் வருடத்துக்கு ஒன்று. 55இல் கிரில் நடுவில் மட்டும், சின்னச் சதுரக் கட்டங்களாக இருக்கும். 56இல் அது முகத்தின் முழு அகலத்துக்கும் பரவியது. 57இல் பின்னால் மீன் துடுப்பு போன்ற இறக்கைகள் எழுந்தன. மூன்றும் பழகியதும் பெட்ரோல் மூடியைத் தேடுங்கள். 55இல் அது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறது. 56இல் இடப்பக்கப் பின்விளக்கையே கதவு போலத் திறக்க வேண்டும். 57இல் இடப்பக்கத் துடுப்பின் பின் விளிம்பில் ஓடும் குரோம் பட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்கள்.